யார் இட வேண்டிய கையொப்பம்?

சிராங்கூன் சாலையின் தென்முனையை ஒட்டிய வட்டாரத்தைச் சிங்கப்பூர்த் தமிழர் தேக்கா என்பர். மலாய்க்காரர் அதற்கு இட்ட பெயர் கண்டாங் கெர்பாவ். எருமைத் தொழுவம் என்பது அதன் பொருள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அங்கே மாட்டு வணிகம் செழித்திருந்தது. இந்தியர் பலர் அத்தொழிலால் பிழைத்தனர். பஃபலோ ரோடும், கெர்பாவ் ரோடும், மாட்டு வணிகர் பெலிலியோஸின் பெயர் தாங்கிய சாலையும் இன்றும் அதற்குச் சான்று கூறுகின்றன. தொழுவங்கள் போயின, பெயர் போகவில்லை. பக்கத்தில் புக்கித் தீமா சாலையில் இருந்த மருத்துவமனை 1924-ஆம் ஆண்டு பிள்ளைப்பேற்று மருத்துவமனையாக மாற்றப்பட்டபோது, எருமைத் தொழுவத்தின் பெயரே அதற்கும் வாய்த்தது. தலைமுறை தலைமுறையாகத் தமிழ்ப் பெண்கள் பிள்ளை பெறச் சென்ற இடம் அதுவே.

1966-ஆம் ஆண்டில் மட்டும் அம்மருத்துவமனையில் ஏறத்தாழ 40,000 குழந்தைகள் பிறந்தன. உலகில் வேறெந்த மருத்துவமனையிலும் ஓராண்டில் அத்தனை குழந்தைகள் பிறந்ததில்லை என்று கின்னஸ் நூல் பதிவு செய்தது. இங்கே ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். டவுன் சிண்ட்ரோம் என்னும் நிலையோடு பிறப்போர் ஏறக்குறைய 800 பிறப்புக்கு ஒருவர் என்பது பொதுவான மதிப்பீடு. அக்கணக்குப்படி அந்த ஓராண்டில் அந்த ஒரு கூரையின் கீழ் 50 குழந்தைகள் அளவில் அந்நிலையோடு பிறந்திருக்க வேண்டும். அவர்களிற் பாதிப்பேர் பெண்கள். அவர்கள் வளர்ந்து பருவம் எய்தியபோது, அவர்களுடைய கருவுறும் திறனைப் பற்றி முடிவு செய்யும் உரிமை யாரிடம் இருந்தது என்பதே இக்கட்டுரை ஆராயும் பொருள்.

முதலில் பெயரைப் பற்றி ஒரு சொல். டவுன் என்றதும் பட்டணம் என்று எண்ணிவிடலாகாது. அஃது ஓர் ஆங்கில மருத்துவரின் குடும்பப் பெயர். ஜான் லாங்டன் டவுன் என்பவர் இங்கிலாந்தில் ஏர்ல்ஸ்வுட் என்னும் காப்பகத்தின் மருத்துவராக இருந்தபோது, 1866-இல் இந்நிலையின் அடையாளங்களைத் தொகுத்து எழுதினார். அவர் கண்ட அடையாளங்கள் சரியானவை. அவற்றுக்கு அவர் கூறிய விளக்கந்தான் தவறு. முகத்தோற்றத்தை வைத்து மங்கோலிய இனத்தோடு இதனை அவர் இணைத்துவிட்டார். ஒரு மக்களினத்தின் பெயர் நூறாண்டுக் காலம் நோய்ப் பெயராக வழங்கியது. 1961-இல் அறிவியலாளர் பலர் 'லான்செட்' இதழுக்குக் கடிதம் எழுதி அப்பெயரைக் கைவிடக் கோரினர். மங்கோலிய நாடே முறையிட்டதன் பேரில் 1965-இல் உலகச் சுகாதார நிறுவனமும் அதனை விட்டொழித்தது.

உண்மைக் காரணம் 1959-இல் பாரிஸ் நகரில் வெளிப்பட்டது. லெஜூன், மார்த்த கோத்தியே, துர்ப்பேன் ஆகிய மூவர் வெளியிட்ட ஆய்வின்படி, மனித உயிரணுவில் இருக்க வேண்டிய 46 குரோமோசோம்களுக்குப் பதிலாக இவர்களுக்கு 47 உள்ளன. இருபத்தோராம் குரோமோசோம் இரண்டுக்கு மூன்றாக நிற்கிறது. கருமுட்டையோ விந்தணுவோ உருவாகும்போது நேரும் பிரிவுப் பிழையே பெரும்பாலும் இதற்குக் காரணம். தாயின் வயது ஏற ஏற இதற்கு வாய்ப்பு மிகுகிறது. இருபது வயதுத் தாய்க்கு 1,500 பிறப்பில் ஒன்று அளவில் இருப்பது நாற்பது வயதில் நூற்றுக்கு ஒன்றாகிறது. குடும்பத்தில் வழிவழியாக இறங்கி வருவது நூற்றுக்குச் சில பேரிடத்து மட்டுமே. ஆகவே இதனைப் பரம்பரைக் குறை என்று பொதுப்படச் சொல்லுதல் பொருந்தாது. பெற்றோர் செய்த பாவம், குலத்தின் சாபம் என்பன போன்ற பேச்சுக்கும் இங்கே இடமில்லை.

இந்நிலை உடையோர் பிள்ளை பெற முடியுமா? பெண்களுக்கு முடியும். அவர்களிற் பலருக்கு மாதவிலக்கு ஒழுங்காகவே வருகிறது. கருவுறும் திறன் மற்றப் பெண்களினும் குறைவு என்றாலும் இல்லாமற் போவதில்லை. பிறக்கும் குழந்தைக்கும் அதே நிலை அமைய ஏறத்தாழப் பாதிக்குப் பாதி வாய்ப்பு உண்டு. அதாவது மற்றப் பாதி 46 குரோமோசோம்களோடு பிறக்கும். ஆண்கள் பெரும்பாலும் மலட்டுத்தன்மை உடையோர். ஆயினும் தந்தையானவர்கள் சிலர் மருத்துவ ஏடுகளில் பதிவாகியுள்ளனர். இவ்வளவே உடற்கூற்று உண்மை. இதன்மேல் சமுதாயம் கட்டிய கட்டடமோ மிகப் பெரிது.

அக்கட்டடத்தின் கடைக்கால் சிங்கப்பூரில் இடப்பட்டதன்று. 1883-இல் ஃபிரான்சிஸ் கால்ட்டன் 'யூஜெனிக்ஸ்' என்னும் சொல்லை ஆக்கினார். நற்பிறப்பியல் என்று அதனைத் தமிழில் கூறலாம். பயிருக்கு விதை பொறுக்குவதுபோல் மனிதருக்கும் பொறுக்கலாம் என்பது அதன் சாரம். அமெரிக்காவில் இண்டியானா மாநிலம் 1907-இல் கட்டாய மலடாக்கலுக்குச் சட்டம் செய்தது. 1927-இல் வர்ஜீனியாவைச் சேர்ந்த கேரி பக் என்னும் இளம்பெண்ணின் வழக்கு அந்நாட்டு உச்ச நீதிமன்றத்துக்குச் சென்றது. தாய் அறிவு குறைந்தவள், மகள் அறிவு குறைந்தவள், பேத்தியும் அப்படியே என்று அதிகாரிகள் சாதித்தனர். நீதிமன்றம் அதனை ஏற்று அறுவைக்கு வழிவிட்டது. பேத்தி விவியனோ அப்போது சிறு குழந்தை. பின்னர் அவள் பள்ளிக்கூடம் சென்றாள். ஒரு பருவத்தில் சிறந்த மாணவர் பட்டியலிலும் இடம் பெற்றாள். எட்டு வயதில் நோயால் இறந்தாள். நாட்டின் தலைசிறந்த நீதிபதிகள் எட்டுப் பேர் சேர்ந்து காண முடியாத உண்மையை ஒரு தொடக்கப்பள்ளியின் மதிப்பெண் பதிவேடு காட்டிவிட்டது.

செர்மனி 1933-இல் செய்த சட்டத்தின்கீழ் ஏறத்தாழ 4,00,000 பேர் மலடாக்கப்பட்டனர். இட்லரின் நாடாயிற்றே, அப்படித்தான் இருக்கும் என்று விட்டுவிடுவதற்கில்லை. மக்கள் நலத்துக்குப் பெயர் பெற்ற சுவீடனும் 1934 முதல் 1970-களின் நடுப்பகுதி வரை இதே வழியிற் சென்றது. அங்கே எண்ணிக்கை 60,000-ஐத் தாண்டியது. ஜப்பானின் நற்பிறப்புப் பாதுகாப்புச் சட்டம் 1948-இல் பிறந்து 1996 வரை உயிரோடு இருந்தது. அச்சட்டம் அரசியலமைப்புக்கு முரணானது என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 2024-ஆம் ஆண்டு சூலையில் தீர்ப்பளித்தபோது, வழக்காடியவர்கள் முதுமை எய்தியிருந்தனர்.

இனிச் சிங்கப்பூருக்கு வருவோம். 1965-இல் தனிநாடாகிய தீவுக்கு மக்கள்தொகை பெரிய கவலையாக இருந்தது. அப்போது ஒரு பெண்ணுக்குச் சராசரி 4.66 குழந்தைகள். 1966-இல் குடும்பக் கட்டுப்பாடு, மக்கள்தொகைக் கழகம் அமைக்கப்பட்டது. 1969 டிசம்பரில் நாடாளுமன்றம் இரு சட்டங்களை நிறைவேற்றியது. ஒன்று கருக்கலைப்புச் சட்டம். மற்றொன்று விருப்பக் கருத்தடை அறுவைச் சட்டம். இரண்டும் 1970 மார்ச்சில் நடைமுறைக்கு வந்தன.

இரண்டாவது சட்டத்தின் நோக்கம், பிள்ளைகள் போதும் என்று கருதும் சாதாரணத் தாய்தந்தையர்க்கு அறுவை எளிதில் கிடைக்கச் செய்வதே. அந்த அளவில் அது பலருக்கு நன்மை செய்தது என்பதை மறுக்க வேண்டியதில்லை. ஏழெட்டுப் பிள்ளை பெற்று இளைத்த தாய்மார்க்கு அஃது ஒரு விடுதலை. ஆயினும் அனுமதி வழங்க அமைக்கப்பட்ட ஐவர் குழுவுக்கு இட்ட பெயர் 'யூஜெனிக்ஸ் போர்டு' என்பதாகும். செர்மனியின் கொடுமை உலகறிந்து கால் நூற்றாண்டு ஆகியிருந்தது. பெயர் மட்டும் அப்படியே கப்பலேறி வந்துவிட்டது! பெயரோடு பொருளும் சிறிது வந்தது. மரபுவழி நோய், மனநோய், மனவளர்ச்சிக் குறை, காக்கை வலிப்பு ஆகியவை உடையோர்க்கு அறுவை செய்வதற்குச் சட்டம் தனி வழி வகுத்தது. அவ்வழியில் கணவனோ மனைவியோ பெற்றோரோ காப்பாளரோ இசைவு தரலாம். சட்டத்தின் பெயரோ 'விருப்ப' அறுவைச் சட்டம். யாருடைய விருப்பம்? இக்கேள்வி அன்று உரக்கக் கேட்கப்படவில்லை.

பாரிஸ் கண்டுபிடிப்பு வெளியாகிப் பத்தாண்டு கழிந்த பின்னரே இச்சட்டம் எழுதப்பட்டது என்பது நினைவிற் கொள்ளத்தக்கது. மனவளர்ச்சிக் குறை பிறப்பிலேயே அமைவதற்குப் பெருங்காரணம் ஒன்று பரம்பரையன்று என்பது தெளிவாகியிருந்தும், மரபுவழி நோயோடு அதனை ஒரே வரியிற் கோத்துவிட்டனர். அறிவியல் முன்னே நடக்கச் சட்டம் பின்னே நொண்டி வந்ததற்கு இஃது ஓர் எடுத்துக்காட்டு.

1974-இல் புதிய சட்டம் வந்தது. யூஜெனிக்ஸ் போர்டு ஒழிந்தது; பொதுமக்களுக்கு நடைமுறை மேலும் எளிதாயிற்று. ஆனால் குறையுடையோர்க்கான அந்த விதி தங்கிவிட்டது. முன்பாவது ஐவர் கூடி ஆராய வேண்டியிருந்தது. இப்போது காப்பாளரின் இசைவும் மருத்துவரின் கத்தியும் இருந்தாற் போதும் என்றாயிற்று. ஒருவருக்கு வசதியாகத் திறந்த கதவு மற்றவருக்குக் காவலைக் குறைத்துவிட்டது.

அக்காலச் சூழலையும் மறத்தலாகாது. 1972-இல் 'இரண்டு போதும்' என்னும் இயக்கம் தீவெங்கும் பரவியது. 1983-இல் பிரதமர் லீ குவான் யூ தேசிய தினப் பேரணியில், படித்த பெண்கள் குறைவாகப் பெறுகிறார்கள் என்று கவலை தெரிவித்தார். மறு ஆண்டில், பட்டதாரித் தாய்மாரின் பிள்ளைகளுக்குப் பள்ளிச் சேர்க்கையில் முன்னுரிமையும், கல்வியும் வருவாயும் குறைந்த தாய்மார் ஓரிரு பிள்ளைகளோடு கருத்தடை அறுவை செய்துகொண்டால் 10,000 வெள்ளியும் என்று திட்டங்கள் வந்தன. பள்ளிச் சேர்க்கைத் திட்டம் மக்களின் எதிர்ப்பால் 1985-இலேயே கைவிடப்பட்டது. யார் பெறலாம், யார் பெறலாகாது என்று வகுத்துப் பேசுவது அவ்வாண்டுகளில் அரசியல் மேடையின் பேச்சாக இருந்தது. 1966-இல் பிறந்த குழந்தைக்கு அப்போது பதினெட்டு வயது.

அரசாங்கத்தை மட்டும் பார்த்தால் வரலாறு முழுமை பெறாது. கையொப்பம் இட நேர்ந்தவர்கள் தாய்தந்தையர். அவர்களைக் கொடியவர்கள் என்று எழுதுவது எளிது, உண்மையன்று. மாதவிலக்கின்போது மகள் தன்னைப் பேணிக்கொள்வாளா? யாராவது ஆசை காட்டி ஏமாற்றிவிட்டால் என்ன செய்வது? கருவுற்றால் அப்பிள்ளையை வளர்ப்பவர் யார்? நமக்குப் பின் இவளுக்கு யார்? இந்நான்கு கேள்விகளும் பல வீடுகளில் இரவெல்லாம் தூக்கத்தைக் கெடுத்தவை. அவர்களுக்கு வழிகாட்ட ஆளும் குறைவு. மனவளர்ச்சி குன்றிய பிள்ளைகளுக்கான சங்கம் ஒன்று சிங்கப்பூரில் 1962-இல்தான் தோன்றியது. 'மைண்ட்ஸ்' என்னும் இன்றைய பெயரை அது 1985-இல் ஏற்றது. டவுன் சிண்ட்ரோம் உடையோர்க்கென்றே தனிச் சங்கம் அமைந்தது 1996-இல். அதற்குள் நம் 1966-ஆம் ஆண்டுக் குழந்தைக்கு வயது முப்பது.

ஆயினும் அந்நான்கு கேள்விகளுள் அறுவை விடையளிப்பது ஒன்றே ஒன்றுக்குத்தான். கருத்தடை அறுவை மாதவிலக்கை நிறுத்தாது. ஏமாற்றுவோனைத் தடுக்காது, கருவுறுதல் என்னும் தடயத்தைத்தான் இல்லாமற் செய்யும். பெற்றோருக்குப் பின் யார் என்ற கேள்வி அப்படியே நிற்கும்.

இந்த அச்சம் முற்றினால் எங்கே கொண்டுபோய் விடும் என்பதை இந்தியாவில் நடந்த ஒன்று காட்டுகிறது. 1994 பிப்ரவரியில் மகாராட்டிர மாநிலம் சிரூரில் இருந்த அரசு இல்லத்துப் பெண்கள் சிலருக்கு, புணேயிலுள்ள சசூன் மருத்துவமனையில் கருப்பையே நீக்கப்பட்டது. மாதவிலக்கின்போது தூய்மை காக்க இயலவில்லை என்பதே கூறப்பட்ட காரணம். செய்தி வெளிவந்ததும் நாடெங்கும் கண்டனம் எழுந்தது, அறுவைகள் நிறுத்தப்பட்டன. துணியும் தண்ணீரும் துணைக்கு ஒரு பெண்ணும் தேவைப்பட்ட இடத்தில் அறுவைக் கத்தி வந்து நின்றது.

பதினைந்தாண்டுகளுக்குப் பின் அதே நாட்டில் வேறொரு குரல் கேட்டது. சண்டிகரில் அரசு காப்பகத்தில் இருந்த, ஆதரவற்ற ஓர் இளம்பெண் வன்கொடுமைக்கு ஆளாகிக் கருவுற்றாள். அவள் மனவளர்ச்சி குன்றியவள். கருவைக் கலைத்துவிட உயர் நீதிமன்றம் ஆணையிட்டது. அவளோ பிள்ளை வேண்டும் என்றாள். வழக்கு உச்ச நீதிமன்றம் சென்றது. தலைமை நீதிபதி பாலகிருஷ்ணன், தமிழகத்தைச் சேர்ந்த நீதிபதி சதாசிவம், நீதிபதி சௌகான் ஆகிய மூவர் 2009 ஆகஸ்டில் அளித்த தீர்ப்பு, அவளுடைய இசைவின்றிக் கருவைக் கலைத்தலாகாது என்றது. மனநோய் வேறு, மனவளர்ச்சிக் குறை வேறு. பின்னதை உடையவள் வயது வந்தவளாயின் அவள் சொல்லே செல்லும் என்று 1971-ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு நீதிபதிகள் பொருள் கண்டனர். அவள் தனக்கு நேர்ந்த கொடுமையைத் தெரிந்தெடுக்கவில்லை, பிள்ளையைத் தெரிந்தெடுத்தாள். இவ்விரண்டையும் குழப்பாமல் பிரித்து நோக்கியதே அத்தீர்ப்பின் சிறப்பு.

பொதுச் சட்ட மரபைப் பின்பற்றும் பிற நாடுகளிலும் காற்று திரும்பியிருந்தது. மருத்துவத் தேவை இல்லாத மலடாக்கலுக்குப் பிறர் இசைவு தர இயலாது என்று கனடாவின் உச்ச நீதிமன்றம் 1986-இல் கூறியது. இது பெற்றோரின் அதிகாரத்துக்கு அப்பாற்பட்டது, நீதிமன்றமே முடிவு செய்ய வேண்டும் என்று ஆஸ்திரேலிய உயர் நீதிமன்றம் 1992-இல் தீர்ப்பளித்தது.

சிங்கப்பூர் 2008-இல் மனத்திறன் சட்டத்தை இயற்றியது. 2010-இல் அது நடைமுறைக்கு வந்தது. அதன் தொடக்க விதிகள் ஒவ்வொரு பள்ளிக்கூடத்திலும் எழுதி மாட்டத்தக்கவை. ஒருவருக்கு முடிவு செய்யும் திறன் இல்லை என்று காட்டப்படும் வரை, உண்டு என்றே கொள்ள வேண்டும். விளங்க வைக்கச் செய்யக்கூடிய உதவியெல்லாம் செய்து பார்த்த பின்னரே, அவரால் முடியாது என்று சொல்லலாம். பிறர் கண்ணுக்கு விவேகமற்ற முடிவாகத் தோன்றுவதால் மட்டும் திறனற்றவர் என்று ஒருவரைத் தள்ளிவிடக் கூடாது. பிள்ளைக்குப் புரியவில்லை என்று எழுதுமுன், தாம் புரியும்படி சொன்னோமா என்று ஆசிரியர் தம்மைக் கேட்டுக்கொள்ளும் முறை இதுவே. மேலும், திருமணத்துக்கும், கருத்தடை அறுவைக்கும், கருக்கலைப்புக்கும் இன்னொருவர் சார்பில் இசைவு தர இச்சட்டம் எவருக்கும் அதிகாரம் அளிக்கவில்லை.

எஞ்சியிருந்தது 1974-ஆம் ஆண்டுச் சட்டத்தின் அந்தப் பழைய வரி. 2012-இல் அது நீங்கியது. மரபுவழி நோய், மனநோய், மனவளர்ச்சிக் குறை, வலிப்பு என்ற அடுக்கு சட்டத்திலிருந்து எடுக்கப்பட்டது. மனத்திறன் இல்லாத ஒருவருக்குக் கருத்தடை அறுவை செய்ய வேண்டுமானால் உயர் நீதிமன்றத்தின் ஆணை வேண்டும். அவருடைய நலனுக்கு அஃது இன்றியமையாதது என்று நீதிமன்றம் காண வேண்டும். பெற்றோரின் கையொப்பம் மட்டும் இனிச் செல்லாது. மனத்திறன் உடையவரோ, எந்நிலையோடு பிறந்தவராயினும், மற்றவரைப் போலத் தாமே முடிவு செய்வார். அவ்வாண்டு நவம்பரில் உடற்குறையுடையோர் உரிமை பற்றிய ஐ.நா. உடன்படிக்கையில் சிங்கப்பூர் கையொப்பமிட்டது. 2013 சூலையில் அதனை உறுதி செய்தது. கருவுறும் திறனை மற்றவர்க்குச் சமமாகக் காத்துக்கொள்ளும் உரிமையை அவ்வுடன்படிக்கையின் 23-ஆம் பிரிவு பேசுகிறது. 1969-இலிருந்து எண்ணினால், கையொப்பம் இடம் மாற நாற்பத்து மூன்று ஆண்டுகள் பிடித்தன. 1966-ஆம் ஆண்டுப் பெண்ணுக்கு அப்போது வயது நாற்பத்தாறு. டவுன் சிண்ட்ரோம் உடைய பெண்களுக்கு மாதவிலக்கு மற்றவர்க்குமுன்னே நின்றுவிடுவது வழக்கம். ஆகவே புதிய சட்டம் வந்தபோது அவளுக்கு அதனால் பயன் ஏதுமில்லை.

சட்டம் தடையை நீக்கும். துணையை அது தாராது. துணை என்பது சில எளிய காரியங்கள். இந்நிலையோடு பிறப்போரிற் பாதிப்பேர் அளவில் இதயக் குறை உடையவர்கள். தைராய்டுக் கோளாறும் மிகுதி. ஆகவே கருவுற விரும்பும் பெண்ணுக்கு இதய மருத்துவரும் மரபணு ஆலோசகரும் முன்கூட்டியே தேவை. பிள்ளை வேண்டாம் என்பவளுக்கு மாத்திரை, ஊசி, கருப்பையில் வைக்கும் சாதனம் என்று மீட்கக்கூடிய வழிகள் பல உள்ளன. அறுவை அவற்றுள் கடைசி. சொத்தும் பராமரிப்பும் பற்றிய கவலைக்கு, 2008-இல் தொடங்கிய சிறப்புத் தேவையுடையோர் அறக்கட்டளை நிறுவனம் ஒரு வழி திறந்தது. தாம் மறைந்த பின்னும் பிள்ளைக்கு மாதந்தோறும் பணம் சேரும்படி பெற்றோர் அதன்வழி ஏற்பாடு செய்யலாம். ஏமாற்றுவோரைத் தண்டிக்க, மனவளர்ச்சிக் குறையுடையோரை வஞ்சித்துப் பாலுறவுக்கு உட்படுத்துவது தனிக் குற்றமாகவே தண்டனைச் சட்டத்தில் இடம் பெற்றுள்ளது.

இவற்றினும் அடிப்படையானது கல்வி. 1929-இல் டவுன் சிண்ட்ரோம் உடையோரின் சராசரி ஆயுள் ஒன்பது ஆண்டு எனக் கணக்கிடப்பட்டது. இன்று வளர்ந்த நாடுகளில் அறுபதை எட்டுகிறது. ஒன்பது வயதோடு முடிந்த வாழ்வுக்குப் பருவத்தைப் பற்றிய பாடம் வேண்டியிருக்கவில்லை. அறுபது ஆண்டு வாழ்வோர்க்கு அது வேண்டும். காதலும், இணையை நாடும் ஏக்கமும் குரோமோசோம் எண்ணிக்கையைக் கேட்டு வருவனவல்ல. தமிழ் இல்லங்களிலோ இப்பேச்சு எந்தப் பிள்ளையிடமும் எளிதில் எழுவதில்லை. மஞ்சள் நீராட்டுக்குப் பந்தல் போடுவோம், எதற்காக என்று பெண்ணிடம் சொல்லமாட்டோம். கற்கத் தாமதமாகும் பிள்ளைக்கு இம்மௌனம் இருமடங்கு கேடு.

சிங்கப்பூரின் கட்டாயக் கல்விச் சட்டம் 2003-இல் நடைமுறைக்கு வந்தபோது, சிறப்புப் பள்ளிகளிற் சேர வேண்டிய பிள்ளைகள் அதற்கு விலக்காக இருந்தனர். 2019-ஆம் ஆண்டு அவ்விலக்கு நீங்கியது. 2012-ஆம் ஆண்டு சனவரி முதல் நாளுக்குப் பின் பிறந்தவர்கள் அனைவரும் சட்டத்துக்குள் வந்தனர். கருத்தடைச் சட்டம் திருத்தப்பட்ட அதே ஆண்டில் பிறந்த பிள்ளைகள் அவர்கள். காப்பாளரின் கையொப்பத்துக்கு ஆட்படாத முதல் தலைமுறையும், கட்டாயமாகப் பள்ளிக்கு வந்த முதல் தலைமுறையும் ஒன்றே. அவர்களுக்கு இப்போது பருவம் எய்தும் வயது. உடலின் ஒவ்வோர் உறுப்புக்கும் உள்ள பெயர், மாதந்தோறும் வருவது எதனால், யார் தொடலாம், யார் தொடலாகாது, வேண்டாம் என்று எப்படிச் சொல்வது, சரி என்று சொல்ல எப்போது உரிமை உண்டு என்பவற்றைப் படத்தாலும் பொம்மையாலும் பலமுறை திரும்பச் சொல்லிக் கற்பிக்கும் வேலை, அவர்களுடைய ஆசிரியர் மேசைமேல் வந்திருக்கிறது.